பெரியவர் மூன்று இடத்தில் நின்றார்

சேலையூர் தாண்டி, கேம்ப் ரோடு சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில் எங்கள் லாரி நின்றது. ஓரம் கட்டியெல்லாம் நிற்கவில்லை. இரண்டு முறை தும்மி, ஒரு முறை உடம்பைக் குலுக்கி, பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

டிரைவர் ஏழுமலை சாவியைத் திருப்பினான். கிர்ர், கிர்ர், கிர்ர் என்று செல்ஃப் நன்றாகவே அடித்தது. இன்ஜின் மட்டும் பற்றவில்லை. மறுபடி திருப்பினான். மறுபடியும் அதே கிர்ர்தான்.

எனக்கும் அவனுக்கும் நடுவில் கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் கூறைப்புடவையின் ரவிக்கை, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். அன்றைக்குக் காலையில் அவளுடைய ஒரே மகளுக்குக் கல்யாணம்.

“இன்னா பாயம்மா, வண்டி நின்னுகினு கீது?” என்றாள் கஸ்தூரி.

“ஒண்ணுமில்ல, இதோ கெளம்பிடும்” என்றேன். எனக்கு லாரியைப் பற்றி அப்போது தெரிந்ததெல்லாம் அதற்கு ஆறு சக்கரம் என்பது மட்டும்தான்.

பெரியவர் வந்த கதை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் காதர், கடையை விரிவு செய்கிறேன் என்று கிளம்பிப் போய், மூக்கு நீண்ட பழைய லாரி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். வாங்கும்போதே அதன் வயது, எங்களுக்குக் கல்யாணமாகி ஆன வருடங்களைவிட அதிகம்.

அந்த லாரியைக் கடையில் யாரும் லாரி என்று சொல்வதில்லை. பெரியவர் என்றுதான் சொல்வோம். “பெரியவர் எழுந்துட்டாரா?”, “பெரியவருக்கு இன்னைக்கு மூட் சரியில்ல” என்றுதான் பேச்சு. குளிர்காலத்தில் அவரை எழுப்ப ஏழுமலை படும் பாட்டைப் பார்த்தால், என் மாமனாரை விடியற்காலைச் சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பியது எனக்கு நினைவுக்கு வரும்.

அந்த வருடம் பந்தல் கட்டும்போது ஏணி சறுக்கி, என் வீட்டுக்காரர் கால் ஒடிந்து கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். கால்தான் ஒடிந்தது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. கட்டிலில் படுத்தபடியே செல்போனில் கடையை நடத்தினார். நேரில் நடத்த வேண்டியதெல்லாம் என் தலையில் விழுந்தது.

கஸ்தூரி

கஸ்தூரி தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி வருவாள். பத்து வருடம் அவளிடம் சங்கரா வாங்கியிருக்கிறேன். பத்து வருடமும் செவுளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். பத்து வருடமும் அவள் அதற்காக என்னைத் திட்டினாள். சிநேகிதம் அப்படி வளர்ந்ததுதான்.

மகள் கல்யாணம் என்றதும் எங்கள் கடைக்குத்தான் வந்தாள். பந்தலை அவர்கள் ஊர்க்காரர்களே போட்டுக்கொள்வார்கள். ஐந்நூறு பேருக்குச் சமைக்க அண்டா, அடுப்பு, கரண்டி, நாற்காலி எல்லாம் நம்முடையது. அரிசி, பருப்பு, காய்கறியைத் தாம்பரத்திலேயே வாங்கி அதே லாரியில் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு.

முந்தின நாளே போயிருக்க வேண்டியது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சாமான் வாங்க வந்த கஸ்தூரி, பஸ் கிடைக்காமல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். மழை விட்டதும் விடியற்காலை கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், ஏழு மணிக்கு அடுப்பு மூட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டோம். ஒன்பதரைக்குள் முகூர்த்தம். அண்டா, அரிசி, பெண்ணின் அம்மா என்று ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய முக்கால்வாசி அந்த லாரியில்தான் இருந்தது.

ஆளுக்கொரு வைத்தியம்

நம் ஊரில் ஒரு மனிதன் மயங்கி விழுந்தால்கூட இரண்டு பேர் தயங்கித்தான் கிட்டே வருவார்கள். லாரி நின்றால் அப்படியில்லை. கேம்ப் ரோட்டில் அந்த நேரத்துக்கு எங்கிருந்து முளைத்தார்களோ, ஐந்து பேர் கூடிவிட்டார்கள்.

ஒருவர் பேட்டரி என்றார். பால்காரர் ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்காமலே, “நாசில் பூட்ச்சு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு ஆட்டோக்காரர், எல்லாரும் சேர்ந்து தள்ளினால் கிளம்பிவிடும் என்றார். ஒரு டன் பாத்திரத்தோடு பெரியவரைத் தள்ள அவரும் வருகிறாரா என்று கேட்டேன். டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் வீட்டுக்குப் போன் செய்தேன்.

“செல்ஃப் அடிக்குதா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“நல்லா அடிக்குதுங்க. பத்த மாட்டேங்குது.”

“அப்போ பேட்டரிய விடு. அடிக்கும்போது சைலன்சர்ல புகை வருதா பாரு.”

ஏழுமலை செல்ஃப் அடிக்க, நான் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு பொட்டுப் புகை இல்லை.

“புகை இல்லன்னா உள்ள டீசல் போகல. மொதல்ல டேங்க்கத் தொறந்து குச்சி விட்டுப் பாக்கச் சொல்லு.”

“நேத்து சாயங்காலம்தான் ஃபுல் பண்ணான்.”

“மைமூனு, நான் சொல்றத மட்டும் செய்.”

ஏழுமலை டேங்க் மூடியைத் திறந்து ஒரு வேப்பங்குச்சியை விட்டுப் பார்த்தான். குச்சி கழுத்து வரை நனைந்து வந்தது. மூடியைப் போட்டுவிட்டு, “ஏர் புடிச்சிருக்கும்க்கா” என்று பானெட்டைத் தூக்கினான்.

டீசல் போகும் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் வண்டி ஓடாதாம். அதை வெளியேற்றுவதற்கு ஏர் எடுப்பது என்று பெயர். ஒரு திருகைத் தளர்த்தி, கையால் ஒரு குட்டி பம்ப்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரையாக வரும். நுரை நின்று வெறும் டீசல் வந்தால் திருகை மூடிவிடலாம். ஏழுமலை அதைச் செய்தான். சாவியைத் திருப்பினான். பெரியவர் கறுப்பாக ஒரு மூச்சு விட்டு எழுந்துவிட்டார்.

“நான் சொல்லல?” என்றார் போனில் என் வீட்டுக்காரர்.

நான் சொன்ன வார்த்தை

மேடவாக்கத்துக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது மறுபடி நின்றது. அதே தும்மல், அதே குலுக்கல். செல்ஃப் கிர்ர் என்று அடித்தது. புகை இல்லை.

மறுபடி போன். மறுபடி, “டேங்க்கத் தொறந்து பாரு.” மறுபடி வேப்பங்குச்சி. மறுபடி ஏர் எடுத்தான். இந்த முறை நாற்பது நிமிடம் போய்விட்டது. ரோட்டில் பள்ளிக்கூட வேன்கள் போக ஆரம்பித்துவிட்டன. அந்த நேரத்துக்குக் குப்பத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கஸ்தூரியை ஆட்டோவில் போகச் சொன்னேன். அவள் இறங்கவே இல்லை.

“சோறு இல்லாத கல்யாணத்துக்கு நான் மட்டும் போயி இன்னா பண்றது? மாப்ள வூட்டுக்காரங்க மூஞ்சில நான் முழிக்க முடியுமா?” என்றாள். குரல் உடைந்திருந்தது. மார்க்கெட்டில் நாலு பேரை ஒரே மூச்சில் திட்டுகிற கஸ்தூரியின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. சீசனுக்கு முன்னால் டீசல் ஃபில்டரை மாற்று என்று ஏழுமலையிடம் சொல்லியிருந்தேன். அவன் ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத்தான் வந்தான். மாற்றியிருக்க மாட்டான், மாற்றினேன் என்று பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

“ஃபில்டர் மாத்தினேன்னு சொன்னியே, மாத்தினியா இல்லையா?”

“மாத்திட்டேன்க்கா. தொறந்து காட்றேன் வாங்க.”

“ஒண்ணும் காட்ட வேணாம். மாத்தின லட்சணம்தான் நடுரோட்ல தெரியுதே. இன்னிக்குச் சாமான இறக்கிட்டு வந்ததும் சாவியக் குடுத்துட்டு ஊருக்கே போயிடு. நான் வேற டிரைவர் பாத்துக்கறேன்.”

ஒன்பது வருடம் எங்களோடு இருந்தவன். ஏழுமலை என்னைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தான்.

“சரிக்கா. மொதல்ல கல்யாண வூட்டுக்குச் சாமான் போய்ச் சேரட்டும்” என்றான்.

வண்டி கிளம்பியது.

ஆயுத பூஜையும் நாலு எலுமிச்சம்பழமும்

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் இருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜையன்று ஏழுமலை பெரியவரைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போடுவான். பொரியும் கடலையும் எங்கள் வீட்டுக்கு வரும். நான் வருடாவருடம் அவனுக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுப்பேன். அந்த வருடம் ஊரில் அவன் தம்பிக்குக் குழந்தை பிறந்திருந்தது. போகும்போது தயங்கித் தயங்கி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

“பூச அன்னிக்கு வண்டி வெறும் நெத்தியா நிக்கக் கூடாதுக்கா. ஒரு பொட்டு மட்டும் வெச்சிடுங்க. சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம்.”

ஆசையாகக் கேட்டான், செய்தேன். குங்குமம் அவனே ஒரு பொட்டலத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தான். சந்தனம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. சந்தனக்கூடு விழாவுக்குப் போன என் நாத்தனார் தர்காவிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்திருந்தாள். பெரியவருக்கும் கொஞ்சம் பரக்கத் கிடைக்கட்டும் என்று அதைப் பன்னீர் விட்டுக் குழைத்தேன். ஹெட்லைட் இரண்டுக்கும், ஸ்டியரிங்குக்கும், பானெட்டுக்கும் வைத்தேன். மிச்சம் நிறைய இருந்தது. வீணாக்குவானேன் என்று, கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் தாராளமாக அப்பினேன்.

நாலு மூலையிலும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். ஏற்றி நசுக்கத்தான் ஆள் இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, நாலையும் எடுத்துக் கழுவி ஊறுகாய் போட்டுவிட்டேன். இதை ஏழுமலையிடம் இன்றுவரை சொல்லவில்லை. இந்த வாரம் படித்துத் தெரிந்துகொள்வான்.

பெரும்பாக்கம்

பெரும்பாக்கம் ஏரியைத் தாண்டியதும் பெரியவர் மூன்றாவது முறையாக நின்றார். அடுக்குமாடி வீடுகளெல்லாம் வருவதற்கு முந்தைய பெரும்பாக்கம் அது. இரண்டு பக்கமும் தண்ணீரும் கோரைப்புல்லும்தான். வைத்தியம் சொல்லக்கூட ஆள் இல்லை.

போனை எடுத்தேன். சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது.

டேங்க்கைத் திறந்து பார் என்று சொல்ல இந்த முறை யாரும் இல்லை. இரண்டு முறை பார்த்ததை மூன்றாம் முறை பார்ப்பானேன் என்று ஏழுமலை நேராக ஏர் எடுக்கப் போனான். பம்ப்பை அடித்தான், அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். திருகு வழியாக நுரைகூட வரவில்லை. செல்ஃப் அடித்துப் பார்த்தான். கிர்ர் என்ற சத்தமும் இழுத்து இழுத்து வர ஆரம்பித்தது. இன்னும் நாலு தடவை அடித்தால் பேட்டரியும் படுத்துவிடும். மணி எட்டு ஆகப்போகிறது.

கஸ்தூரி இறங்கி டேங்க்குக்குப் பக்கத்தில் ரோட்டோரமாகக் குந்தி உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஏழுமலையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்ப்பா, மொத ரெண்டு தபா இதே மேரிதான அடிச்ச? அப்போ வந்துச்சு. இப்போ இன்னா கேடு அதுக்கு?”

“அதான் தெரிலக்கா.”

“எங்க வூட்டுக்காரு மோட்டார் போட்டும் கடல்ல இப்பிடித்தான் நிக்கும். கரையில சோக்கா ஸ்டார்ட் ஆவும். நாலு அலை தாண்டினா நின்னு பூடும். கயிறு இழுத்து இழுத்துக் கை வுட்டுப் பூடும் மனுசனுக்கு. அப்பால பாத்தா, டேங்க் மூடில ஒரு காத்துத் திருகு கீது, அத்தத் தொறக்காம போயிருப்பாரு. காத்து உள்ள போனாத்தான எண்ண வெளிய வரும்? உன் வண்டிக்கு அந்தத் திருகு எங்க கீது?”

“லாரிக்குத் திருகெல்லாம் கெடையாதுக்கா. மூடியிலயே பொடி ஓட்டை ஒண்ணு…”

பாதியிலேயே நிறுத்திவிட்டான். எழுந்து வந்து டேங்க் மூடியில் கை வைத்தான். மூடி இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் முறுக்கினான். உஷ்ஷ்ஷ் என்று நீளமாக ஒரு சத்தம் கேட்டது. டேங்க் உள்ளே காற்றை இழுக்கும் சத்தம். நடுரோட்டில் இரண்டு முறை திறந்தபோது வண்டிகளின் இரைச்சலில் யார் காதிலும் விழாதது, அந்த ஏரிக்கரையில் மூன்று பேருக்கும் கேட்டது.

“ஊக்கு கீதா யார்ட்டயாவது?” என்றான்.

என் முக்காட்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். மூடியின் நடுவில் காய்ந்து இறுகியிருந்ததைச் சுரண்டினான். ஓட்டைக்குள் ஊக்கு நுனியை விட்டுக் குத்தினான். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. டீசல் நாற்றத்துக்கு நடுவில் குப்பென்று ஒரு வாசனை வந்தது.

பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம்.

பெரியவர் எந்த வழியாக டீசல் குடிக்கிறாரோ அந்த வாய்க்குத்தான் முக்கியமாகப் பொட்டு வேண்டும் என்று நினைத்து, அந்த மூடியில் விரல் கனத்துக்கு நான் அப்பியது நினைவுக்கு வந்தது. பூஜையிலிருந்து அன்றுவரை வண்டி பங்க்கைத் தாண்டி எங்கும் போகவில்லை. புரட்டாசியில் ஏது கல்யாணம்? ஓடினால்தானே நிற்கும்.

“எவன்யா அவன், மூடில போயி இம்மாஞ் சந்தனத்த அப்பினது?” என்றாள் கஸ்தூரி.

ஏழுமலை என் பக்கம் திரும்பவே இல்லை. ஊக்கைத் துடைத்துக்கொண்டே, “நான்தான்க்கா. ஆயுத பூசைக்கு வெச்சது. கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு” என்றான்.

நான் பொய் சொல்லப் போவதில்லை. ஒரு நொடி, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“இல்ல கஸ்தூரி. அவன் ஊர்ல இருந்தான். நான் வெச்சது” என்றேன்.

கஸ்தூரி என்னைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். “பாயம்மா வெச்ச பொட்டா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். சிரிப்போடு சேர்ந்து, அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையும் வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தபடியே, “ஏறுங்க, ஏறுங்க” என்றாள்.

ஏழுமலை பம்ப்பை அடித்தான். ஏழாவது அடியில் நுரை வந்தது. இருபதாவது அடியில் வெறும் டீசல் வந்தது. சாவியைத் திருப்பும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கிர்ர், கிர்ர். பேட்டரியில் மிச்சமிருந்த கடைசிச் சொட்டு உயிரில் பெரியவர் எழுந்துகொண்டார். என் நெஞ்சிலிருந்து ஒரு அண்டாவையே இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொன்னது இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

பந்தியில்

சோழிங்கநல்லூர் போய், கடற்கரை ரோட்டில் திரும்பி, குப்பத்துக்குள் நுழையும்போது ஒன்பதுக்குச் சில நிமிடம் இருந்தது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. சாமான் வராமல் அடுப்பு மூட்டாமல் காத்திருந்த சமையல்காரர்கள் லாரி முழுதாக நிற்பதற்கு முன்பே பின்னால் ஏறிவிட்டார்கள்.

கோயில் வாசலில் பெண் நின்றுகொண்டிருந்தாள். மணையில் வந்து உட்காரு என்று எல்லாரும் கூப்பிட்டும், அம்மா வராமல் உட்கார மாட்டேன் என்று நின்றிருக்கிறாள். கஸ்தூரி லாரியிலிருந்து குதித்த வேகத்தில் ஒரு செருப்பு கேபினிலேயே கிடந்தது. தாலி கட்டும்போது அவள் ஒற்றைச் செருப்பையும் எங்கோ விட்டுவிட்டு, மகள் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றாள்.

ஒரு மணிக்குப் போட வேண்டிய பந்தி இரண்டு மணிக்குப் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கவில்லை. கடற்காற்றில் நல்ல பசி, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஏழுமலை கடைசிப் பந்திக்கு உட்காரலாம் என்று லாரி நிழலில் ஒதுங்கி நின்றிருந்தான். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன்.

“ஏழுமல, காலைல நான் சொன்னது தப்பு” என்றேன்.

“சாம்பார் வருதுக்கா, எலையப் பாருங்க” என்றான்.

“சாவியக் குடுக்க வேணாம்.”

“குடுக்கறதா இருந்தா தானக்கா.”

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். ரெண்டு தடவையும் டேங்க்கைத் திறக்கச் சொன்னது யார், அதனால்தானே ஓடியது என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். வாஸ்தவம்தான். திறந்தபோது உள்ளே காற்று போனதால்தான் ஓடியது என்பது மட்டும் அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு ஏழுமலை ஊருக்குப் போகவில்லை. வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு, வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிட்டான். கையில் கிண்ணத்தில் சந்தனம்.

“நீங்களே வைங்கக்கா” என்றான்.

“நானா? வேணாம்ப்பா, போன தடவ பட்டது போதும்.”

“நீங்க வெச்சதாலதான் அந்தக் கல்யாணத்துல உங்க பக்கத்துல உக்காந்து சாப்ட்டேன். வாங்க.”

போனேன். ஹெட்லைட்டுக்கு வைத்தேன், ஸ்டியரிங்குக்கு வைத்தேன். டேங்க்குக்கு வந்ததும் கையை இழுத்துக்கொண்டேன். மூடியில் அந்தப் பொடி ஓட்டையைச் சுற்றி, சிவப்புப் பெயின்டில் சின்னதாக ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தான்.

வட்டத்தைத் தொடாமல், அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு பொட்டு வைத்தேன்.